கல்லறையிலிருந்து வீட்டுக்கு

தியானப் பகுதி: லூக்கா 8:26-39

கிறிஸ்துவுக்குள் மிகவும் பிரியமான தேவ ஜனங்களே,

 

“போதைப் பழக்கத்தைப் பத்தி எழுதுங்க பாஸ்டர்” என்று தாய்மார் சிலர் கண்ணீரோடு கேட்டார்கள். இது எங்கேயோ, யாரோ ஒருவர் வீட்டுக் காரியம் என்று நினைக்காதீர்கள். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி நம் தேசத்தில் ஏறக்குறைய 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். 3 கோடிக்கு மேற்பட்டோர் கஞ்சா வகைகளையும், 2 கோடிக்கு மேற்பட்டோர் அபின், ஹெராயின், அந்த இனத்தைச் சேர்ந்த வலி மாத்திரைகளையும் உபயோகிக்கிறார்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற வாலிபர்கள் நம்முடைய சென்னைப் பட்டணத்தில் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நம் சபைக் குடும்பங்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேஷ்டியும் வெள்ளைச் சேலையும் கட்டி வருவதினால் அது மறைந்துவிடாது.

விடுதலை உண்டா? உண்டு! அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த மாதம் விடுதலைக்குப் பின்பு என்ன என்பதைத் தியானிப்போம். முழங்காலில் கிடந்து அழுது எழுந்த அந்த இரவுக்கு அப்புறம் ஒரு காலை விடிகிறதே, அந்தக் காலையில் அவன் எங்கே போவான்? என்ன சாப்பிடுவான்? யார் அவனுக்குக் கதவைத் திறப்பார்கள்?

கதரேனருடைய நாட்டில் இருந்த மனுஷனைப் பாருங்கள். அவனிடத்தில் மூன்று காரியங்கள் இல்லை. உடுத்தத் துணி இல்லை. இருக்க வீடு இல்லை. தெளிந்த புத்தி இல்லை. ஊரார் சங்கிலி போட்டுப் பார்த்தார்கள், அறுத்துக்கொண்டு ஓடினான். காவல் வைத்துப் பார்த்தார்கள், பயனில்லை. இன்றைக்கும் நாம் அதைத்தானே செய்கிறோம்? அறையில் போட்டுப் பூட்டுகிறோம், அடிக்கிறோம், ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று கல்யாணம் பண்ணி வைக்கிறோம். சங்கிலி அவனைப் பிடித்து வைக்கலாம், குணமாக்காது. ஆண்டவர் கரையில் கால் வைத்தார். லேகியோன் ஓடிற்று!

1. அவனுக்குத் துணி கொடுத்தது யார்?

ஊரார் வந்து பார்த்தபோது அவன் உடுத்திக்கொண்டு, புத்தி தெளிந்தவனாய் ஆண்டவரின் காலடியில் அமர்ந்திருந்தான் என்று லூக்கா எழுதுகிறார். சரி, அந்தத் துணி எங்கேயிருந்து வந்தது? வேதம் சொல்லவில்லை. ஆனால் கல்லறையில் துணிக்கடை கிடையாதே! படவில் வந்தவர்களில் யாரோ ஒருவர் தன் மேல்வஸ்திரத்தைக் கழற்றிக் கொடுத்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். பிசாசைத் துரத்துவது ஆண்டவருடைய வேலை. துணி கொடுப்பது சீஷனுடைய வேலை.

முதல் சில நாட்கள் சரீரத்தின் நாட்கள். ஹெராயினை நிறுத்தினவனுக்கு முதல் நாளிலேயே உடம்பு முறுக்க ஆரம்பிக்கும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்துக்கு ஏறும். வாந்தி, பேதி, வியர்வை, குளிர், தூக்கமின்மை எல்லாம் வரும். ஒரு வாரம், பத்து நாளில் மெல்ல அடங்கும். அந்த நாட்களில் அவனுக்குப் பிரசங்கம் வேண்டாம். கஞ்சி வேண்டும், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் வேண்டும், நெற்றியில் ஈரத்துணி வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொண்டுவந்தது அடையும் தண்ணீரும். சாப்பிட வைத்தான், தூங்க விட்டான், மறுபடி சாப்பிட வைத்தான் (1 இராஜாக்கள் 19). அதற்குப் பிறகுதான் ஓரேபிலே தேவ சத்தம்.

இங்கே ஒரு காரியத்தைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். குடியையும் தூக்க மாத்திரையையும் வருஷக்கணக்காக எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். அப்படிப்பட்டவரை வீட்டிலே வைத்து, “விசுவாசத்தில் நிற்கிறோம்” என்று சொல்லி ஆபத்தை வரவழைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அங்கேயும் ஜெபிக்கலாம். எசேக்கியாவின் பிளவையின் மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. பவுலோடே பிரயாணம் பண்ணின லூக்கா ஒரு வைத்தியர். மருந்தும் மன்றாட்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

ஊசி போட்டவர்கள் எச்.ஐ.வி.க்கும் ஹெப்படைட்டிஸ் சி என்கிற கல்லீரல் நோய்க்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஹெப்படைட்டிஸ் சி-யைப் பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் மாத்திரை கொடுத்துக் குணமாக்குகிறார்கள். 2018-ல் தொடங்கின தேசியத் திட்டத்தின்கீழ் இந்த மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. சிலருக்கு அரசு மையங்களில் நாக்குக்கு அடியில் வைக்கிற புப்ரிநார்பின் மாத்திரை தினமும் கொடுப்பார்கள். “இதுவும் போதைதானே, தூக்கி எறி” என்று சபையில் யாரும் சொல்ல வேண்டாம். அது அவனை ஊசிக்கும் திருட்டுக்கும் விலக்கி நிதானத்தில் நிறுத்துகிற மருந்து. அதை எப்போது குறைப்பது என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

2. வெறுமையான வீடு

அசுத்த ஆவி போன வீடு பெருக்கி அலங்கரித்துக் கிடந்தது, ஆனால் உள்ளே ஆளில்லை. அது ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிற்று என்று ஆண்டவர் மத்தேயு 12-ல் எச்சரிக்கிறார். வீட்டைக் காலி பண்ணினால் மட்டும் போதாது. யாராவது குடியிருக்க வேண்டும்.

ஹாங்காங்கிலே கௌலூன் மதில் நகரம் என்று ஓர் இடம் இருந்தது. ஆறரை ஏக்கர்தான், 1987-ல் எண்ணிப் பார்த்தபோது ஏறக்குறைய 33,000 பேர் அதற்குள் குடியிருந்தார்கள். பழைய காலத்தில் பிரிட்டிஷ் சட்டமும் சீன சட்டமும் சரியாக எட்டாத இடமாக இருந்தபடியால், ரவுடிக் கூட்டங்கள் அங்கே அபின் குகைகளையும் ஹெராயின் வியாபாரத்தையும் நடத்தின. 1966-ல் இங்கிலாந்திலிருந்து ஜாக்கி புல்லிங்கர் என்ற 22 வயது வாலிப சகோதரி கப்பலேறி ஹாங்காங் வந்தார். பாட்டு வாத்தியார் வேலை. அந்த இருட்டுச் சந்துகளுக்குள் ஓர் அறையைப் பிடித்து வாலிபருக்கு மன்றம் நடத்தினார். வருஷங்கள் கடந்தன. அந்நிய பாஷையில் ஜெபித்தபோது ஹெராயின் அடிமைகள் வேதனையில்லாமல் போதையிலிருந்து வெளியே வந்தார்கள் என்று அவர் சாட்சி எழுதியிருக்கிறார். பரிசுத்த ஆவியானவரின் வல்லமைக்கு மகிமை!

ஆனால் அந்தச் சாட்சியை மேற்கோள் காட்டுகிற நாம் அதன் மறுபாதியை விட்டுவிடுகிறோம். விடுதலையான பையன் ராத்திரி தூங்க எங்கே போவான்? அதே சந்துக்கு, அதே கூட்டாளிகள் படுத்திருக்கிற அதே அறைக்குத்தான். இதைக் கண்டபடியால் அந்த ஊழியத்தில் வீடுகளைத் திறந்தார்கள். வந்தவனைத் தனியே விடாமல் இரவும் பகலும் ஆட்கள் மாறி மாறிக் கூட இருந்து ஜெபித்தார்கள். அதற்குப் பின்பும் மாதக்கணக்கில் ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள். 1981-ல் அது செயின்ட் ஸ்டீபன் சங்கமாக அமைந்தது. அந்த மதில் நகரத்தையே 1993-94-ல் இடித்துவிட்டார்கள். இன்று அங்கே பூங்கா இருக்கிறது. ஊழியமோ நிற்கிறது. ஜெபக் கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வீட்டைத் திறந்தவர்களுக்கோ வருஷங்கள் ஆயின.

நம் ஊரில் என்ன செய்யலாம்? பழைய கூட்டாளிகளின் எண்கள் இருக்கிற செல்போன் நம்பரை மாற்றட்டும். வேலைக்குப் போகிற வழியில் அந்த முனை இருந்தால் வேறு பஸ்ஸில் போகட்டும். சாயங்காலம் 6 மணி முதல் 9 மணி வரைதான் அநேகருக்குக் கண்ணி வைக்கப்படுகிற நேரம். அந்த மூன்று மணி நேரத்தை யாராவது அவனோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் நான். மன்னாவை நாளைக்கென்று சேர்த்து வைக்க முடியாது, அன்றன்றைக்குத்தான். அவனுக்கும் இன்றைக்கு ஒரு நாள் ஜெயம் போதும்.

3. மதில் பாதி எழும்பினபோது

எருசலேமின் மதிலை நெகேமியா 52 நாளில் கட்டி முடித்தார். ஜனங்களில் அநேகர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள் என்று மூன்றாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மதில் பாதி உயரம் வந்தபோதுதான் சன்பல்லாத்தும் தொபியாவும் எரிச்சலடைந்து சண்டைக்கு வந்தார்கள். அப்போதுதான் சொந்த ஜனங்களே, மண்மேடு அதிகம், நம்மாலே ஆகாது என்று சோர்ந்துபோனார்கள்.

போதையை விட்டவனுக்கு மூன்றாம் மாதம், நான்காம் மாதம் இப்படித்தான் இருக்கும். ஆரம்பத்துச் சந்தோஷம் தீர்ந்திருக்கும். சாப்பாட்டில் ருசி இல்லை, பாட்டில் உற்சாகம் இல்லை, ஜெபம் கூரையைத் தாண்டவில்லை என்பான். பயப்படாதே தம்பி! வருஷக்கணக்காய் அந்தப் பொருள் உன் மூளைக்குச் சந்தோஷத்தைத் திணித்தது. அது தானாகச் சந்தோஷப்பட மறுபடி கற்றுக்கொள்ள மாதங்கள் பிடிக்கும். ஆவியானவர் உன்னைக் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம் அல்ல. மண்மேடு அதிகம், அவ்வளவுதான். உன் வீட்டுக்கு எதிரே இருக்கிற கல்லை இன்றைக்கு எடுத்து வை. காலை 5 மணிக்கு எழுந்திரு, பாயைச் சுருட்டு, குளி, ஷேவ் பண்ணு, வேதத்தைத் திற, நேரத்துக்கு வேலைக்குப் போ. இது சின்னக் காரியம் இல்லையா என்று கேட்காதே. இதுதான் மதில்.

வேலை மிகவும் முக்கியம். பென்சில்வேனியாவில் ஒரு கிராமத்துப் போதகராயிருந்த டேவிட் வில்கர்சன் 1958-ல் நியூயார்க் பட்டணத்து ரவுடி வாலிபரைத் தேடிப்போன சரித்திரம் நம்மில் அநேகருக்குத் தெரியும். அந்த ஊழியத்தில் பட்டணத்து வீட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ரெஹ்ரர்ஸ்பர்க் என்ற கிராமத்தில் பண்ணை ஒன்றை வாங்கி, விடுதலையானவர்களை அங்கே அனுப்பி உழைக்க வைத்தார்கள். திருடினவன் இனித் திருடாமல் கையால் பாடுபட்டு, இல்லாதவனுக்கும் கொடுக்கட்டும் என்று எபேசியர் 4:28-ல் பவுல் சொல்லுகிறார் அல்லவா?

கடன் இருக்கும். வட்டிக்காரர் வாசலில் நிற்பார். யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி, சின்னத் தொகையானாலும் மாதாமாதம் கொடுக்கச் சொல்லுங்கள். சம்பளத்தை முதல் வருஷம் மனைவி கையிலோ தாயார் கையிலோ கொடுப்பது நல்லது. சம்பள நாளில் சட்டைப் பையில் மொத்தப் பணம் இருப்பது பலருக்குச் சோதனை. ஒநேசிமு பட்ட கடனைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி பவுல் பிலேமோனுக்கு எழுதினார். முதலாளியிடம் போய், “ஐயா, இவனுக்கு நான் பொறுப்பு” என்று சொல்ல ஒரு சகோதரன் இருந்தால் ஒரு குடும்பம் பிழைக்கும்.

4. படவில் ஏற்றிக்கொள்ளவில்லை

விடுதலையானவன் ஆண்டவரோடே வருகிறேன் என்று கெஞ்சினான். ஆண்டவர் அவனைப் படவில் ஏற்றிக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பினார். ஏன்? படவு சுலபம். வீடு கஷ்டம். சங்கிலி போட்டவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவன் நிர்வாணத்தைப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள். விடுதலை மெய்யா பொய்யா என்று தெரிவது அங்கேதான்.

சகோதரனே, தாலிச் சங்கிலியை அடகு வைத்த உன்னை மனைவி ஒரே வாரத்தில் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்காதே. பத்து நிமிஷம் தாமதமாக வந்தாலும் அவள் முகத்தைப் பார்ப்பாள், வாயை மோந்து பார்ப்பாள். கோபப்படாதே. “நான்தான் மனந்திரும்பிட்டேனே, இன்னும் சந்தேகமா?” என்று கத்தாதே. மன்னிப்பை ஒரு நாளில் கொடுக்கலாம். நம்பிக்கையைக் கொஞ்சங்கொஞ்சமாய்த்தான் சம்பாதிக்க முடியும்.

தாய்மாரே, பிள்ளை பாவம் என்று ரகசியமாக 200 ரூபாய் கொடுக்காதீர்கள். பசிக்கிறது என்றால் சோறு போடுங்கள். பஸ்ஸுக்கு என்றால் கூடப் போய் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். உங்கள் கண்ணீர் தேவ சமுகத்தில் சேரட்டும். உங்கள் பணம் வியாபாரி கையில் சேர வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு வாலிபன். நல்ல குரல், நன்றாகப் பாடுவான். ஹெராயினிலிருந்து அற்புதமாய் விடுதலையானான். இரண்டாம் மாதத்திலிருந்தே ஊர் ஊராய் மேடையேற்றி அவனைச் சாட்சி சொல்ல வைத்தார்கள். கைதட்டல், காணிக்கை, போஸ்டரில் படம். வீட்டுக்கு வந்தால் வேலை இல்லை, தகப்பனார் பேசுவதில்லை. இதை எந்த மேடையிலும் அவனால் சொல்ல முடியவில்லை. ஐந்தாம் மாதம் ஒருநாள் இரவு விழுந்தான். வெட்கத்தினால் யாரிடமும் வரவில்லை. பழைய அளவையே எடுத்தான். நிறுத்தியிருந்த மாதங்களில் சரீரம் அதைத் தாங்குகிற சக்தியை இழந்திருந்தது. மூச்சு நின்றுபோயிற்று. அவன் அடக்கத்தில் நான் ஜெபித்தேன். அவன் தாயார் என்னைக் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது: “ஐயா, விழுந்துட்டேன்னு சொல்ல என் பிள்ளைக்கு ஒரு இடம்கூட இல்லாம போச்சே?”

5. விழுந்தவன் எங்கே வருவான்?

சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 40 முதல் 60 பேர் ஏதோ ஒரு சமயம் மறுபடி தொட்டுவிடுகிறார்கள் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகளும் ஏறக்குறைய இதே அளவில் மருந்து தவறித் திரும்ப நோய்ப்படுகிறார்கள். நான் இதைப் பாவத்துக்குச் சாக்காகச் சொல்லவில்லை. நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் எழும்புவான் என்று நீதிமொழிகள் 24 போதிக்கிறது. அவன் எழும்ப, பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டாமா? சேவல் கூவின பிறகும் பேதுரு மற்ற சீஷர்களோடுதான் இருந்தான். அவர்கள் அவனைத் துரத்தவில்லை. ஆகையால்தான் கரையிலே நெருப்பு மூட்டிக் காத்திருந்த ஆண்டவரை அவன் சந்திக்க முடிந்தது.

ஆகவே சபையாரே, கர்த்தருக்குள் உங்களை வேண்டிக்கொள்கிறேன். விடுதலையானவனை ஒரு வருஷமாவது மேடையேற்றாதீர்கள். புதிய விசுவாசியை அவசரமாய் உயர்த்தாதிருக்கும்படி தீமோத்தேயுவுக்குப் பவுல் சொன்னதை நினையுங்கள். மேடைக்குப் பதிலாக உங்கள் வீட்டுப் பந்தியில் உட்கார வையுங்கள். விழுந்தேன் என்று அவன் வந்தால், அந்த நேரத்திலேயே அவனை உள்ளே அழையுங்கள். மயங்கிக் கிடந்து மூச்சு மந்தமானால் தாமதிக்காமல் 108-க்குப் போன் பண்ணுங்கள். ஆலோசனை வேண்டுமானால் 14446 என்ற அரசின் இலவச எண்ணில் கேட்கலாம். தாமாக முன்வந்து சிகிச்சை பெறுகிற, சிறிய அளவு வைத்திருந்த அடிமைகளுக்கு 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் 64A பிரிவு பாதுகாப்பு கொடுக்கிறது. “போலீஸ் பிடிக்கும்” என்று பயந்து பிள்ளையை ஒளித்து வைக்காதீர்கள்.

முடிவாக ஒன்று. நம் சபையில் ஒரு தம்பி இருக்கிறான். அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன், பெயர் வேண்டாம். போதையை விட்டு ஏழாவது மாதம் நடக்கிறது. ஒரு மெக்கானிக் ஷாப்பில் வேலை. அவனும் தாயாரும் குடியிருக்கிற வீடு பழைய கூட்டாளிகளின் தெருவிலேயே இருக்கிறது. வேறு தெருவில் ஓர் அறை தேடுகிறோம். விசுவாசிகள் இருவரிடம் கேட்டேன். “வயசுப் பிள்ளைங்க இருக்கிற வீடு பாஸ்டர், பயமா இருக்கு” என்றார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பயம் நியாயமானது. கதரேனரும் பன்றிகள் போனதினால் பயந்தார்கள். ஆனால் பயத்தினால் அவர்கள் யாரைத் தங்கள் எல்லையை விட்டுப் போகச் சொன்னார்கள் என்பதை மறந்துபோகாதீர்கள்!

பீரோ சாவியை உங்கள் இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அது ஞானம். வாடகையை முன்கூட்டியே வாங்குங்கள், அது நியாயம். ஆனால் கதவைத் திறவுங்கள். அறை கொடுக்க மனதுள்ளவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னிடம் சொல்லுங்கள்.

ஜெபம் செய்வோமா?

இரக்கமுள்ள ஆண்டவரே, கல்லறைகளுக்கு நடுவே அலறிக்கொண்டிருந்தவனைத் தேடிக் கடல் கடந்தவரே, உம்மைத் துதிக்கிறோம். இந்த மடலைக் கண்ணீரோடு வாசிக்கிற தாயின் பிள்ளையை இன்றைக்கே தொடும். விடுதலையானவனுக்கு இன்றைய நாளின் பெலனைத் தாரும். விழுந்து கிடக்கிறவனுக்குத் திரும்பி வரத் தைரியம் தாரும். எங்களுக்கோ, மேல்வஸ்திரத்தைக் கழற்றிக் கொடுக்கிற மனதைத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென், அல்லேலூயா!

கர்த்தருடைய திராட்சத்தோட்டத்தில் உங்களோடு உழைக்கும்,
உங்கள் போதகர்